பந்து மாறினால் ஆட்டமே மாறும்! லெதர் பந்துக்கு மாற நினைக்கும் உள்ளூர் கிரிக்கெட் அணிகள் கவனத்துக்கு...

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும். தண்ணீர் வற்றிய ஏரி, பள்ளிக்கூட மைதானம், அறுவடை முடிந்த வயல் என்று எங்கே காலி இடம் இருக்கிறதோ அங்கே ஸ்டம்பு நட்டு விடுவார்கள் நம்மூர் வாலிபர்கள். பொங்கல், கோவில் திருவிழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மைக் செட், ரொக்கப் பரிசு, சுழற்கோப்பை என்று டோர்னமெண்ட் களை கட்டும்.

இந்த ஆட்டங்களில் பெரும்பாலும் டென்னிஸ் பந்துதான். ஆனால் நாலு கோப்பை ஜெயித்ததும் எந்த அணிக்கும் ஒரு ஆசை வரும். "எத்தனை நாளைக்குத்தான் டென்னிஸ் பால்லயே ஆடுறது? லெதர் பால் ஆடிப் பாக்கலாம்டா" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். அடுத்த ஞாயிறே பந்து வாங்கி வந்து விடுவார்கள். பேட் இல்லாதவன் பேட் இல்லாமல், கிளவுஸ் இல்லாதவன் கிளவுஸ் இல்லாமல் இறங்கி விடுவான்.

சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான். மாறுவது பந்து மட்டும் அல்ல. மட்டை, பிட்ச், பந்து வீச்சு, கேட்ச் பிடிக்கும் விதம், கிளப்பின் செலவு, ஆட்டக்காரர்களின் உயிருக்கு உள்ள ஆபத்து என எல்லாமே சேர்ந்து மாறுகிறது. பெரிய கிளப்புகளும், கிரிக்கெட் வாரியங்களும் கூட ஒரு புதுப் பந்தை ஒரே நாளில் கொண்டு வந்துவிடவில்லை. சோதனை செய்து பார்த்துத்தான் கொண்டு வந்தார்கள். அது பற்றிய முழு விவரம் வருமாறு:-

எத்தனை வகை பந்துகள்?

உள்ளூர் கிரிக்கெட்டில் புழங்கும் பந்துகளை இப்படிப் பிரிக்கலாம்.

டென்னிஸ் பந்து: உள்ளே காற்று, வெளியே பஞ்சு போன்ற துணி. டென்னிஸ் விளையாட்டு விதிப்படி இதன் எடை 56 முதல் 59.4 கிராம் வரை. கிரிக்கெட்டுக்கு என்றே கொஞ்சம் கனமாக, கெட்டியாகச் செய்த 'ஹெவி' டென்னிஸ் பந்தும் கடைகளில் உண்டு. டோர்னமெண்ட் போஸ்டரில் எந்தப் பந்து என்று தனியாகப் போடுவது இதனால்தான்.

டேப் பந்து: டென்னிஸ் பந்தின் மேல் எலெக்ட்ரிக்கல் டேப்பை இறுக்கிச் சுற்றியது. பாகிஸ்தானின் கராச்சி தெருக்களில் பிரபலமானது. டேப் சுற்றியதும் பந்து வேகமாகவும் போகும், காற்றில் திரும்பவும் செய்யும்.

ரப்பர் பந்து: துணி இல்லாத ரப்பர். நன்றாக எகிறும். தெரு ஆட்டத்தோடு சரி.

கார்க் பந்து: தக்கைத் தூளையும் ரப்பரையும் சேர்த்து அச்சில் வார்த்தது. தோல் கிடையாது. விலை குறைவு, சீக்கிரம் தேயாது. ஆனால் கல் மாதிரி இருக்கும்.

சிந்தெடிக் பந்து: லெதர் பந்து மாதிரியே வடிவம், தையல் எல்லாம் இருக்கும். ஆனால் மெதுவானது. பட்டால் பெரிய காயம் ஆகாது. சின்னப் பையன்கள் பழகுவதற்கு ஏற்றது.

லெதர் பந்து: உள்ளே தக்கை, அதன் மேல் இறுக்கிச் சுற்றிய நூல், அதற்கு மேல் தோல். இதில் 2 துண்டு தோலில் தைத்தது, 4 துண்டு தோலில் தைத்தது என இரண்டு ரகம். 2 பீஸ் பந்து விலை மலிவு. பயிற்சிக்கும் சின்ன கிளப் ஆட்டங்களுக்கும் போதும். 4 பீஸ் பந்து வடிவம் கெடாமல் நிற்கும். பெரிய ஆட்டங்களுக்கு அதுதான்.

விதி என்ன சொல்கிறது?

கிரிக்கெட் விதிகளை எழுதுவது லண்டனில் உள்ள எம்.சி.சி. கிளப். 2017-ம் ஆண்டு தொகுப்பின்படி ஆண்கள் ஆட்டத்துக்கான புதுப் பந்து 155.9 முதல் 163 கிராம் எடை இருக்க வேண்டும். சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்டி மீட்டர்.

பெண்களுக்கான பந்து 140 முதல் 151 கிராம். 13 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கு இன்னும் குறைவு, 133 முதல் 144 கிராம்தான். சுற்றளவும் சிறியது. நம்மூரில் பல இடங்களில் 10 வயது பையன் கையிலும் பெரியவர்கள் ஆடும் பந்தையே கொடுத்து விடுகிறார்கள். இது தப்பு. பிஞ்சுக் கைக்கு அந்தப் பந்து பிடிபடவே பிடிபடாது.

கிளப் அணிகளுக்கு உதவும் இன்னொரு விதியும் உண்டு. ஆட்டத்துக்கு முன்பு இரு கேப்டன்களும் வேறு மாதிரி பேசி ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒவ்வொரு இன்னிங்ஸ் தொடக்கத்திலும் புதுப் பந்து கேட்க இருவருக்கும் உரிமை உண்டு. பந்து தொலைந்தாலோ, ஆட முடியாதபடி கெட்டுப் போனாலோ, அதே அளவுக்குத் தேய்ந்த வேறு பந்தைத்தான் நடுவர் கொடுக்க வேண்டும். பழைய பந்து தொலைந்ததும் பளபளக்கும் புதுப் பந்தைத் தூக்கிக் கொடுத்தால் அங்கேயே சண்டை ஆரம்பித்து விடும். அதனால் அரைகுறையாகத் தேய்ந்த பந்து நாலைந்து எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

பந்துக்கு எச்சில் தடவி பளபளப்பு ஏற்றும் பழைய பழக்கமும் இப்போது செல்லாது. 2022-ம் ஆண்டு முதல் எச்சில் தடவ விதிகளில் தடை இருக்கிறது. வியர்வை தடவலாம்.

ஒரே எடை, வேறு வேறு குணம்

லெதர் பந்து என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கக் கூடாது. உலக அளவில் 3 கம்பெனி பந்துகள் பிரபலம். இந்தியாவில் எஸ்.ஜி., இங்கிலாந்தில் டியூக்ஸ், ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா.

எஸ்.ஜி. பந்து உத்தரபிரதேச மாநிலம் மீரட்டில் தயாராகிறது. 1931-ம் ஆண்டு சியால்கோட்டில் தொடங்கி, தேசப் பிரிவினைக்குப் பிறகு மீரட்டுக்கு வந்த கம்பெனி இது. எஸ்.ஜி.யும் டியூக்சும் கையால் தைக்கப்படுபவை. தையல் நன்றாக எடுப்பாக நிற்கும். கூக்கபுராவில் நடுவில் உள்ள 2 வரிசைகள்தான் கைத் தையல், ஓரத்து வரிசைகள் மிஷின் தையல். அதனால் சில ஓவர்களிலேயே தையல் படிந்து விடும். பிறகு பேட்ஸ்மேன் பாடு கொண்டாட்டம்.

எடையும் சுற்றளவும் ஒன்றாக இருக்கும்போதே, தையலில் உள்ள சின்ன வித்தியாசம் ஆட்டத்தை இப்படிப் புரட்டிப் போடுகிறது என்றால், 58 கிராம் டென்னிஸ் பந்திலிருந்து 160 கிராம் லெதர் பந்துக்கு மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொல்கத்தா கிளப் ஆட்டத்தில் பிங்க் பந்து

புதுப் பந்தைச் சோதித்துப் பார்த்ததில் இந்தியாவில் பெரிதாகப் பேசப்பட்டது ஒரு கிளப் ஆட்டம்தான். டெஸ்ட் போட்டியோ, ரஞ்சி போட்டியோ அல்ல.

பகல்-இரவு டெஸ்டுக்கு என்ன நிறப் பந்து என்பது அப்போது பெரிய கேள்வி. சிவப்புப் பந்து விளக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. வெள்ளைப் பந்து சீக்கிரம் அழுக்காகி விடும், நாள் கணக்கில் தாங்காது. அதனால் பிங்க் பந்து செய்தார்கள். 2015-ம் ஆண்டு நவம்பர் 27-ந்தேதி அடிலெய்டில் ஆஸ்திரேலியா-நியூசிலாந்து அணிகள் உலகின் முதல் பகல்-இரவு டெஸ்டை பிங்க் பந்தில் ஆடின.

இந்தியாவில் இதை நேராக சர்வதேச ஆட்டத்தில் கொண்டு வரவில்லை. 2016-ம் ஆண்டு ஜூன் மாதம் பெங்கால் கிரிக்கெட் சங்கத்தின் சூப்பர் லீக் இறுதிப் போட்டியில் வைத்துப் பார்த்தார்கள். அப்போது சங்கத் தலைவர் சவுரவ் கங்குலி. ஜூன் 18-ந்தேதி கொல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் மோகன் பகான் கிளப்பும் பவானிபூர் கிளப்பும் மோதின. கூக்கபுரா பிங்க் பந்து, 4 நாள் ஆட்டம்.

முதல் இன்னிங்சில் மோகன் பகான் 299 ரன்கள் எடுத்தது. பவானிபூர் 153 ரன்னில் சுருண்டது. மோகன் பகானுக்கு ஆடிய இந்திய வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமி 42 ரன் கொடுத்து 5 விக்கெட் சாய்த்தார். 2-வது இன்னிங்சில் மோகன் பகான் 349 ரன் குவித்தது. 496 ரன் இலக்கை விரட்டிய பவானிபூர் 199 ரன்னில் அவுட். மோகன் பகான் 296 ரன் வித்தியாசத்தில் வெற்றி பெற்றது.

இந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது முக்கியம் அல்ல. பந்து இரவில் தெரிகிறதா, பொழுது சாயும் நேரத்தில் என்ன ஆகிறது, எத்தனை ஓவர் வரை நிறம் தாங்குகிறது என்பதைப் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. அதே ஆண்டில் துலீப் டிராபி ஆட்டங்கள் கிரேட்டர் நொய்டாவில் பிங்க் பந்தில் நடந்தன.

அதற்குப் பிறகும் 3 ஆண்டுகள் கழித்துத்தான், 2019-ம் ஆண்டு நவம்பர் 22-ந்தேதி அதே ஈடன் கார்டனில் இந்தியாவின் முதல் பகல்-இரவு டெஸ்ட் நடந்தது. இந்த முறை எஸ்.ஜி. பிங்க் பந்து. வங்காளதேசம் முதல் இன்னிங்சில் 106 ரன்னில் அடங்கியது. இந்தியா இன்னிங்ஸ் மற்றும் 46 ரன் வித்தியாசத்தில் வென்றது. வங்காளதேச வீரர்கள் லிட்டன் தாஸ், நயீம் ஹசன் இருவருக்கும் தலைக்கவசத்தில் பந்து பட்டு, அவர்களுக்குப் பதிலாக மாற்று வீரர்கள் இறங்க வேண்டியதாயிற்று. பழகாத பந்து, பழகாத வெளிச்சம் என்றால் சர்வதேச வீரர்களே திணறத்தான் செய்கிறார்கள்.

இங்கிலாந்தில் நடந்த சோதனை

இங்கிலாந்தில் கவுண்டி போட்டிகளுக்கு டியூக்ஸ் பந்துதான் வழக்கம். வெளிநாடு போனால் கூக்கபுராவில் ஆட வேண்டும். அங்கே ஸ்விங் ஆகாத பந்தை வைத்து விக்கெட் எடுக்க நம் பவுலர்கள் பழக வேண்டும் என்று 2023-ம் ஆண்டு 2 சுற்று ஆட்டங்களை மட்டும் கூக்கபுராவில் நடத்திப் பார்த்தார்கள். 2024-ம் ஆண்டு அதை 4 சுற்றுகள் ஆக்கினார்கள்.

2024 சீசனின் தொடக்கச் சுற்றுகளில் ரன் குவிந்தது. மழையும் சேர்ந்துகொள்ள பல ஆட்டங்கள் டிரா ஆயின. பந்தால் டிராவா, மழையால் டிராவா என்று விவாதம் கிளம்பியது. உள்ளூர் கிளப்புகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பந்தை மாற்றிப் பார்க்கும் நாளில் வேறு எதையும் மாற்றக் கூடாது. மேட்டையும் மாற்றி, ஓவரையும் குறைத்து, பந்தையும் மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சின்னப்பம்பட்டி நடராஜன்

டென்னிஸ் பந்தில் இருந்து லெதர் பந்துக்குப் போய் ஜெயித்தவர் யார் என்று கேட்டால், தமிழ்நாட்டில் சின்னப் பையனும் சொல்வான் நடராஜன் என்று.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் கூலித் தொழிலாளி குடும்பத்தில் பிறந்தவர் தங்கராசு நடராஜன். ஏறக்குறைய 20 வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்தில்தான். 2010-11 சீசனில் சென்னை வந்து, தமிழ்நாடு கிரிக்கெட் சங்க லீக்கில் 4-வது டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆடினார். அங்கிருந்து படிப்படியாக மேலே போய் 2015-ம் ஆண்டு ஜனவரியில் ரஞ்சி அணியில் இடம் பிடித்தார்.

ஆனால் பாதை நேராக இல்லை. முதல் ரஞ்சி போட்டி முடிந்த கையோடு அவர் பந்து வீசும் முறையில் சந்தேகம் இருப்பதாகப் புகார் ஆனது. நம்மூர் பாஷையில் சொன்னால் 'மாங்கா எறிகிறார்' என்ற புகார். முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்தி எறிந்தால் அது செல்லாது என்பது சர்வதேச விதி. நடராஜன் தளரவில்லை. பந்து வீச்சை அடியிலிருந்து மாற்றிக்கொண்டு திரும்ப வந்தார். 2016-ம் ஆண்டு டி.என்.பி.எல். போட்டியில் யார்க்கர் மழை பொழிந்தார். 2017-ம் ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி ரூ.3 கோடிக்கு எடுத்தது. 2020-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி கான்பெராவில் ஒரு நாள் போட்டி, 4-ந்தேதி டி20, 2021-ம் ஆண்டு ஜனவரி 15-ந்தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் என ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக இறங்கினார்.

அவருடைய யார்க்கர் டென்னிஸ் பந்து கொடுத்த சொத்து. டென்னிஸ் பந்தை இடையில் குத்தினால் எகிறி, மட்டைக்கு வாகாக வரும். சின்ன பவுண்டரியில் சிக்சர்தான். காலடியில் குத்தினால் மட்டுமே தப்பிக்க முடியும். அதனால் டென்னிஸ் பந்து பவுலர்களுக்கு யார்க்கர் கை வந்த கலை ஆகிவிடுகிறது.

வருண் சக்கரவர்த்தி கதையும் இதே ரகம்தான். படித்தது கட்டிடக் கலை. கிரிக்கெட்டை விட்டுவிட்டு இருந்தவர், டென்னிஸ் பந்து ஆட்டங்களில் ஆடி விதவிதமான பந்துகளைப் பழகினார். பிறகு கிளப் கிரிக்கெட்டுக்குத் திரும்பினார். வேகப்பந்து வீசி முட்டியில் காயம் ஆனதும் சுழற்பந்துக்கு மாறினார். 2025-ம் ஆண்டு சாம்பியன்ஸ் டிராபி வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார்.

இவர்கள் இருவரும் டென்னிஸ் பந்தை விட்டதால் மேலே போகவில்லை. அதில் கற்றதைக் கொண்டுபோய் லெதரில் மறுபடியும் பழகியதால் போனார்கள். அந்தப் பழக்கத்துக்கு வருஷங்கள் ஆயின என்பதை மறக்கக் கூடாது.

மூணு பந்துதானே என்றதால் போன உயிர்

லெதர் பந்தின் எடை டென்னிஸ் பந்தைப் போல சுமார் இரண்டே முக்கால் மடங்கு. ஒரே வேகத்தில் வந்தால் அடியும் அந்த மடங்கு பலமாக விழும். அதோடு டென்னிஸ் பந்து பட்டதும் நசுங்கிக் கொடுக்கும். லெதரும் கார்க்கும் நசுங்காது. மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனிடம் வந்து சேர சுமார் 0.6 விநாடிதான் ஆகும். அதற்குள் பார்த்து, முடிவு செய்து, நகர வேண்டும்.

இந்திய முன்னாள் தொடக்க ஆட்டக்காரர் ராமன் லம்பா 1998-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந்தேதி டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் ஷார்ட் லெக்கில் நின்றார். ஓவரில் மிச்சம் மூன்று பந்துகள்தான் இருந்தன. அதற்குப் போய் ஹெல்மெட் எதற்கு என்று போட்டுக்கொள்ளவில்லை. பேட்ஸ்மேன் ஓங்கி அடித்த பந்து அவரது நெற்றியில் பட்டது. 3 நாள் கழித்து, பிப்ரவரி 23-ந்தேதி மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 38.

2014-ம் ஆண்டு நவம்பர் 25-ந்தேதி சிட்னியில் ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தும், அது மறைக்காத இடத்தில் பட்டது. 2 நாளில் இறந்தார். இதற்குப் பிறகுதான் ஹெல்மெட்டின் பின்னால் கழுத்துக்கும் தடுப்பு வந்தது.

ஒருவர் டெஸ்ட் ஆடியவர், இன்னொருவர் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தவர். அப்படியானால் முதல் முறையாக லெதர் பந்தைப் பார்க்கும் கல்லூரிப் பையன் கதி என்ன?

இதில் கார்க் பந்துதான் ரொம்ப ஆபத்து. "கார்க்தானே, லெதர் இல்லையே" என்று பேட், கிளவுஸ் இல்லாமல் ஆடுகிறார்கள். பந்தின் பேர்தான் வேறு. அடி ஒன்றுதான்.

மட்டையும் பிட்ச்சும்

டென்னிஸ் பந்து மட்டை எடை குறைவாக இருக்கும். சிலதில் பின்பக்கம் குடைந்திருப்பார்கள். அதை லெதர் பந்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் முதல் யார்க்கரிலேயே அடி பிளந்து விடும். லெதர் பந்து மட்டை வாங்கினாலும் உடனே இறங்கக் கூடாது. எண்ணெய் தடவி, மர சுத்தியலால் பல மணி நேரம் தட்டிப் பக்குவப்படுத்த வேண்டும். பழைய பந்தில் தட்டிப் பார்த்த பிறகே புதுப் பந்துக்குக் கொண்டு போக வேண்டும்.

பிட்ச் இன்னும் முக்கியம். விதிப்படி நீளம் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். கல்லும் வெடிப்பும் உள்ள கட்டாந்தரையில் டென்னிஸ் பந்து ஆடிவிடலாம். லெதர் பந்து அதே இடத்தில் ஒன்று தரையோடு உருளும், அடுத்தது மூக்குக்கு வரும். மேட் விரித்தால் நாலு பக்கமும் இழுத்து ஆணி அடித்து, மடிப்பு இல்லாமல் இருக்கிறதா என்று இடைவேளையிலும் பார்க்க வேண்டும். மேட் தளர்ந்தால் பந்து எகிறுவதும் மாறும்.

மைதானத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே ரோடு, ஓட்டு வீடு, அங்கன்வாடி இருந்தால் அங்கே லெதர் பந்து வேண்டவே வேண்டாம். டென்னிஸ் பந்து ஓட்டில் விழுந்தால் திட்டுதான் விழும். லெதர் பந்து பைக்கில் போகிறவர் தலையில் விழுந்தால் கேஸ்தான்.

சோதித்துப் பார்ப்பது எப்படி?

லெதர் பந்துக்கு மாற நினைக்கும் கிளப்புகள் கீழ்க்கண்ட முறையில் செய்து பார்க்கலாம்.

1. பந்து வாங்கும் முன் சாமான் வாங்குங்கள். ஒரே நேரத்தில் களத்தில் இரண்டு பேட்ஸ்மேன், ஒரு கீப்பர். அடுத்து இறங்குகிறவர் தயாராக இருக்க வேண்டும். எனவே பேட்ஸ்மேன் பேட், கிளவுஸ், ஹெல்மெட் குறைந்தது 3 செட், கீப்பருக்குத் தனி செட். எல் கார்டு மட்டும் ஆளுக்கு ஒன்று சொந்தமாக இருக்க வேண்டும்.

2. ஹெல்மெட் தலைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். முன் கம்பிக்கு இடையே பந்து புகக் கூடாது. ஒரு முறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது.

3. நேராக மேட்ச் வேண்டாம். சில வாரம் வலைப் பயிற்சி. கேட்ச் பயிற்சியை சிந்தெடிக் பந்தில் தொடங்கி பிறகு லெதருக்கு வாருங்கள். டென்னிஸ் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தே பழகியவர்களுக்கு முதலில் உடைவது விரல்தான்.

4. முதல் ஆட்டம் பரிசு இல்லாத ஆட்டமாக இருக்கட்டும். பணம் இருந்தால் யாரும் பந்தைப் பார்க்க மாட்டார்கள், பணத்தைத்தான் பார்ப்பார்கள்.

5. அதே மைதானம், அதே இரண்டு அணி, அதே ஓவர். ஒரு ஞாயிறு டென்னிஸ், அடுத்த ஞாயிறு லெதர். ஸ்கோர் நோட்டில் ரன், விக்கெட்டோடு வைடு எத்தனை, விட்ட கேட்ச் எத்தனை, யாருக்கு எங்கே அடி பட்டது, 10-வது ஓவரிலும் 20-வது ஓவரிலும் பந்து எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

6. டாசுக்கு முன்பே எந்தக் கம்பெனி பந்து, 2 பீசா 4 பீசா, தொலைந்தால் எது என்று இரு கேப்டனும் பேசி முடித்து விடுங்கள். பாதி சண்டை குறைந்துவிடும்.

7. ஷார்ட் லெக், சில்லி பாயிண்டில் ஆள் நிறுத்தும் ஆசை முதல் சீசனில் வேண்டாம். நிறுத்தினால் ஹெல்மெட் கட்டாயம்.

8. தலையில் பந்து பட்டவரை "ஒண்ணும் இல்லடா, ஆடு" என்று விடக் கூடாது. அன்று அவருக்கு ஆட்டம் முடிந்தது. நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். தனியாக வண்டி ஓட்டிப் போக விடக் கூடாது. வாந்தி, தலைச்சுற்றல், மயக்கம், பேச்சுத் தடுமாற்றம் இருந்தால் உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.

யாரை விட்டுவிட்டுப் போகிறோம்?

கடைசியாக ஒரு விஷயம். எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம்.

டென்னிஸ் பந்துக்கு ஒரு மட்டை, ஒரு பந்து போதும். 11 பேரும் வெறுங்காலில் வந்தாலும் ஆட்டம் நடக்கும். ஒரு டென்னிஸ் பந்தின் விலையைப் போல பல மடங்கு நல்ல லெதர் பந்து. அதோடு பேட், கிளவுஸ், ஹெல்மெட், மட்டை, ஷூ, வெள்ளை உடை. மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பையன் எப்படியாவது வாங்கி விடுவான். செங்கல் சூளையிலோ, தறிப் பட்டறையிலோ வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட வருகிறவன் கேட்கக் கூச்சப்பட்டு, ரெண்டு வாரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, மூணாவது வாரம் வராமல் போய் விடுவான். அவன்தான் அந்த அணியிலேயே நல்ல பவுலராக இருப்பான். அடுத்த நடராஜன் அப்படித்தான் தொலைந்து போவான்.

அதனால் சாமான் எல்லாம் கிளப் பொதுவில் வாங்கி வைப்பதுதான் நல்லது. ரொக்கப் பரிசாக ஜெயித்த பணத்தைப் பிரியாணிக்குச் செலவு செய்யாமல் கிட் பேக்குக்கு ஒதுக்கினால் ரெண்டு சீசனில் சேர்ந்து விடும். ஊர்ப் பெரியவர்கள், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் கோப்பை கேட்பதற்குப் பதில் ஹெல்மெட் கேட்கலாம்.

லெதருக்குப் போவதால் டென்னிஸ் பந்தைத் தலைமுழுக வேண்டியதும் இல்லை. 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் தானேயில் தொடங்கிய ஐ.எஸ்.பி.எல். என்ற 10 ஓவர் லீக் டென்னிஸ் பந்தில்தான், ஸ்டேடியத்தில், விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. நடிகர் சூர்யா உரிமையாளராக இருக்கும் சென்னை அணியும் அதில் ஆடியது. டென்னிஸ் பந்துக்கும் ஒரு மவுசு வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

சோதனை ஆட்டம் முடிந்ததும் கேப்டனும் ஸ்டார் பேட்ஸ்மேனும் மட்டும் பேசி முடிவு எடுக்காமல், 11-வது ஆளாக இறங்குகிறவனையும், ஸ்கோர் எழுதுகிற பையனையும் கேளுங்கள். "பயமா இருந்துச்சா? சாமான் இருந்தா ஆடுவியா?" என்று கேளுங்கள். அவர்கள் "ஆடலாம்ண்ணே" என்றால் அந்த ஊர் லெதர் பந்துக்குத் தயார். இல்லை என்றால் இன்னொரு சீசன் பொறுக்கலாம். ஏரியும் எங்கேயும் போகாது, ஞாயிற்றுக்கிழமையும் எங்கேயும் போகாது.